சுவடு விடாதே, சுவடு காட்டு: முதுகுப்பையையும் வனாந்தரத்தையும் முன்வைத்துச் சில குறிப்புகள்

1

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மலையேறிகள் சங்கம் 1930களிலிருந்து தன் பயிற்சி வகுப்புகளில் ஒரு பட்டியலைச் சொல்லிக்கொடுத்து வந்தது. 1974இல் அது அவர்களுடைய கையேட்டில் அச்சேறியது. 'பத்து அத்தியாவசியங்கள்' என்று பெயர். வரைபடம், திசைகாட்டி, கறுப்புக் கண்ணாடி, கூடுதல் உணவு, கூடுதல் உடை, டார்ச், முதலுதவிப் பொருள், நெருப்பு மூட்ட உதவும் பொருள், தீப்பெட்டி, கத்தி. காட்டுக்குள் நடக்கப் போகிற எவரும் இந்தப் பத்தும் இல்லாமல் கிளம்பக் கூடாது என்பது விதி. உலகம் முழுக்க மலையேறுகிறவர்கள் இன்றைக்கும் இதைக் கொஞ்சம் மாற்றி, புதுப்பித்து மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

இந்தப் பட்டியலை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்தில் ஒன்றுகூட இன்னொரு மனிதரைச் சுட்டவில்லை. வழி தப்பினால் கேட்க ஆள் கிடையாது, ஆகவே வரைபடம். பசித்தால் சோறு போட ஆள் கிடையாது, ஆகவே கூடுதல் உணவு. இருட்டினால் ஒதுங்கத் திண்ணை கிடையாது, ஆகவே டார்ச்சும் கூடுதல் உடையும். ஆளில்லாத ஓர் உலகத்தை முன்னனுமானமாக வைத்துக்கொண்டுதான் இந்தப் பிரதி பேசத் தொடங்குகிறது. அந்த உலகம் எப்படி ஆளில்லாமல் ஆனது என்ற கேள்வி மட்டும் பைக்குள் இல்லை.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சலித்துக்கொண்டார். "உங்களுக்கெல்லாம் எதப் பாத்தாலும் அரசியல். மனுசன் நாலு நாள் லீவு போட்டுட்டு மூட்டையக் கட்டிக்கிட்டு மலைக்குப் போறான். அவனையும் விடமாட்டீங்களா?" விடலாம்தான். நடப்பதில் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. அப்படியொரு பை என் வீட்டுப் பரணிலும் கிடக்கிறது. ஆனால் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் ஓய்வு நேரம் எந்த நிலத்தின் மேல் விரிக்கப்படுகிறது, அந்த நிலத்திலிருந்து யார் சுருட்டி எடுக்கப்பட்டார்கள் என்று கேட்காத சுற்றுச்சூழல் பேச்சு, அதிகாரத்தின் பேச்சாகத்தான் முடியும். முதுகில் தொங்குகிற பையின் எடை, அறுந்துபோன ஒரு மனித உறவின் எடை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான்.

2

'வில்டர்னெஸ்' என்பதற்குத் தமிழில் நமக்குக் கிடைத்த சொல் வனாந்தரம். வேதாகம மொழிபெயர்ப்பு அதைப் பரவலாக்கியது. இஸ்ரவேலர் நாற்பது வருடம் அலைந்த இடம், இயேசு சோதிக்கப்பட்ட இடம். பயமும் சோதனையும் நிறைந்த, ஆளரவமற்ற வெளி. ஐரோப்பியக் கிறித்தவ மனத்தில் பயங்கரமாக இருந்த இந்த வெளி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் புனிதமாக மாறியது. இந்த மாற்றத்தை வில்லியம் க்ரோனன் 1995இல் எழுதிய கட்டுரை விரிவாகப் பேசுகிறது. வனாந்தரம் என்பது இயற்கையில் கிடக்கிற ஒன்றல்ல, குறிப்பிட்ட ஒரு வரலாற்றுக் கட்டத்தில் குறிப்பிட்ட ஒரு வர்க்கம் கட்டியெழுப்பிய கருத்து என்று அவர் வாதிட்டபோது அமெரிக்கச் சூழலியலாளர்கள் பலருக்குக் கோபம் வந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1989இல், ராமச்சந்திர குஹா மூன்றாம் உலகத்தின் பக்கமிருந்து இதே கருத்தைத் தாக்கியிருந்தார்.

கருத்து சட்டமாக ஆனது 1964 செப்டம்பர் 3ஆம் தேதி. அமெரிக்க வனாந்தரச் சட்டத்தின் பிரதியை எழுதியவர் ஹோவர்ட் ஸானிசர். கையெழுத்தைப் பார்க்காமலே சில மாதங்களுக்கு முன் இறந்துபோனார். முதலில் ஏறத்தாழ 91 லட்சம் ஏக்கர் இதன்கீழ் வந்தது. இன்று 11 கோடி ஏக்கருக்கும் அதிகம். சட்டத்தின் வரையறையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வனாந்தரத்தில் மனிதர் வந்து போகிறவர், தங்குகிறவர் இல்லை என்று அது சொல்கிறது. எல்லாரும் விருந்தாளி. அப்படியானால் வீட்டுக்காரர் யார்? இயற்கை என்று சட்டம் சொல்லும். வரலாற்றிடம் கேட்டால் வேறு பெயர்கள் வரும்.

யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். உலகத்து மலையேறிகளின் காசி அது. அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் இடத்தை அவானீ என்று அழைத்தார்கள். கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த பிறகு சுரங்கக்காரர்கள் மலைகளுக்குள் ஏறினார்கள். மோதல் வந்தது. 1851 மார்ச் 27ஆம் தேதி மாரிபோசா படை என்ற தொண்டர்படை, மாநில அரசின் ஒப்புதலோடு, பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. குடிசைகளையும், சேமித்து வைத்திருந்த ஓக் கொட்டைகளையும் எரித்தது. ஓக் கொட்டைதான் அந்த மக்களின் சோறு. களஞ்சியத்தை எரித்துவிட்டால் சுடவேண்டிய தேவை குறையும் என்பது படைக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் படையோடு போன லாஃபயெட் பன்னெல் 1880இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு காட்சி வருகிறது. மேலே ஓர் ஏரிக்கரையில் மக்களைச் சுற்றிவளைத்துப் பிடித்த பிறகு, அந்த ஏரிக்கு அவர்களுடைய தலைவர் தெனாயாவின் பெயரையே வைக்கப்போவதாகப் பன்னெல் அவரிடம் சொல்கிறார். தெனாயாவுக்குப் புரியவில்லை. அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்கிறார். பளபளக்கும் பாறைகளைக் குறிக்கும் பெயர் அது. பன்னெல் விளக்குகிறார்: உன் மக்களை இந்தக் கரையில்தான் பிடித்தோம், இனி அவர்கள் இங்கே வாழத் திரும்ப மாட்டார்கள், அதனால்தான் உன் பெயர். கிழவரின் முகம் விழுந்துவிட்டது என்று பன்னெலே எழுதுகிறார்.

பெயர் சூட்டுவதும் ஆளை அப்புறப்படுத்துவதும் ஒரே செயலின் இரண்டு பக்கம் என்பதற்கு இதைவிட நேரான வாக்குமூலத்தை நான் வாசித்ததில்லை. தெனாயா ஏரி இன்றும் அதே பெயரில் இருக்கிறது. கரையில் கார் நிறுத்துமிடம் இருக்கிறது.

1864இல், அதாவது குடிசைகள் எரிந்து பதின்மூன்றே ஆண்டுகளில், லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் உல்லாசத்துக்காகக் காப்பாற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார். யார் அந்தப் 'பொதுமக்கள்' என்று கேட்க வேண்டியதில்லை. விரட்டப்பட்டவர்களில் சிலர் திரும்பி வந்து விடுதிகளில் கூலி வேலை செய்தும், கூடை முடைந்து விற்றும் வாழ்ந்தார்கள். 1950களில் பூங்காவில் நிரந்தர வேலை இருப்பவர்களின் குடும்பம் மட்டுமே தங்கலாம் என்று விதி வந்தது. 1969இல் அவர்களுடைய குடியிருப்பு இல்லாமலாக்கப்பட்டது. அங்கே வாழ்ந்த கடைசி மனிதர் 1996இல் வெளியேறினார். சட்டத்தின் மொழியில், தங்குகிறவர் எல்லாரும் வந்து போகிறவராகிவிட்டார்.

3

ஜான் மியூரை வாசிக்காமல் இந்தச் சொல்லாடலுக்குள் போக முடியாது. 1892இல் சியரா கிளப்பைத் தொடங்கியவர், தேசியப் பூங்காக்களின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவர். சியராவில் தன் முதல் கோடை பற்றி அவர் எழுதிய நூல் 1911இல் வெளிவந்தது. அது 1869ஆம் ஆண்டின் நாட்குறிப்பு வடிவில் இருக்கிறது. ஆட்டு மந்தை ஒன்றோடு மலையேறுகிறார். கையில் சுமை கிடையாது. ரொட்டியும் தேயிலையும் போதும் என்று மலையேறிய எளிய மனிதர் என்ற பிம்பம் அவரைச் சுற்றி உண்டு. இந்த எளிமையை அந்த நூலே ஓரிடத்தில் கட்டவிழ்த்துக் காட்டிவிடுகிறது.

ஜூலை மாதத் தொடக்கத்தில் மாவு தீர்ந்துபோகிறது. கீழேயிருந்து சாமான் வரவில்லை. ஆட்டுக்கறி இருக்கிறது, ரொட்டி இல்லை. தலை சுற்றுகிறது, வயிறு மறுக்கிறது, தூக்கம் கெடுகிறது. அப்போது மியூருக்கு ஓர் எண்ணம் வருகிறது. இதே மலையில் இந்தியர்கள் கிழங்கும் கீரையும் விதையும் பட்டையும் எடுத்துச் சாப்பிடுகிறார்களே, நமக்கு ஏன் தெரியவில்லை, நம் படிப்பில் எங்கோ பெரிய ஓட்டை என்று வருந்துகிறார். சாப்பாட்டின் நடுவில் நின்றுகொண்டு பசியால் வாடுகிறார். பிரதி ஒரு கணம் திறந்துகொள்கிறது. வனாந்தரம் என்று அவர் நினைத்த இடம் வேறொருவருடைய சமையற்கட்டு என்பது தெரிந்துவிடுகிறது.

மாவு மூட்டை வந்து சேர்ந்ததும் அந்தக் கதவு சாத்திக்கொள்கிறது. ஆகஸ்டில் ஒரு கணவாயில் மோனோ இனத்தவர் சிலரை எதிர்கொள்ளும்போது அவர்களுடைய அழுக்குதான் மியூருடைய கண்ணில் படுகிறது. அவர்கள் கடந்து போனதும் நிம்மதி அடைகிறார். தூய மலையில் அந்த முகங்களுக்கு இடமில்லை என்கிற தொனி. 2020இல் சியரா கிளப்பே தன் நிறுவனரின் இனவாதப் பேச்சுகளைப் பொதுவில் ஒப்புக்கொண்டது. ஆனால் மியூர் நல்லவரா கெட்டவரா என்கிற தீர்ப்பில் எனக்கு அக்கறை இல்லை. அவர் பிரதியின் வேறொரு வாக்கியம்தான் முக்கியம்.

இந்தியர்கள் மெதுவாக நடக்கிறார்கள், பறவையும் அணிலும் விடுகிற அளவுக்குத்தான் நிலத்தில் சுவடு விடுகிறார்கள் என்று அவர் பாராட்டுகிறார். அதே மூச்சில், வேட்டை நிலத்தைச் சீராக்க அவர்கள் காட்டில் வைத்த நெருப்பின் தடயம் மட்டும் நீண்டகாலம் இருக்கும் என்றும் சொல்கிறார். பாராட்டு நிலைத்தது. நெருப்பு மறக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் அகன்ற புல்வெளியும் கறுப்பு ஓக் தோப்பும் அந்த மக்கள் தொடர்ந்து வைத்த சிறு நெருப்பின் விளைவு. அவர்களையும் நெருப்பையும் சேர்த்து விலக்கிய பிறகு ஊசியிலை மரங்கள் உள்ளே நெருங்கி வளர்ந்தன, கீழே சருகும் சுள்ளியும் குவிந்தன. தெற்கே செக்கோயாக் காடுகளிலும் இதே கதைதான். 2020இல் அங்கே எரிந்த 'காசில்' தீ, உலகத்திலுள்ள பெரிய செக்கோயா மரங்களில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் கொன்றது. வறட்சியும் வெப்பமும் காரணம். ஒரு நூற்றாண்டாக நெருப்பைத் தடுத்துக் குவித்த விறகும் காரணம்.

சுவடு விடாதவர்கள் என்ற பாராட்டு எங்கே கொண்டுபோய் விட்டது? சுவடு இல்லை, எனவே உழைப்பு இல்லை, எனவே உடைமை இல்லை. வேலி, கலப்பை, கல்வீடு இவற்றை மட்டுமே உழைப்பாகப் படிக்கத் தெரிந்த கண்ணுக்கு, நெருப்பால் உழுதவர்கள் தெரியவே இல்லை. சுவடு இல்லாதவனுக்குப் பட்டா இல்லை.

4

இனி பைக்கு வருவோம். அமெரிக்காவில் பரவலாக விற்ற முதல் முதுகுச் சட்டங்களில் ஒன்று 'ட்ராப்பர் நெல்சன்'. லாயிட் நெல்சன் என்பவர் 1920 வாக்கில் அலாஸ்காவில் நடந்தபோது ஒரு பூர்வகுடி மனிதரிடமிருந்து முதுகுச்சுமை ஒன்றை இரவல் வாங்கினார். குச்சிகளின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டியது. அதை வைத்துத் தன் சட்டத்தை உருவாக்கி 1920களில் காப்புரிமை பெற்றார். 'இந்தியன் பேக் போர்டு' என்றுதான் விற்றார். இரவல் கொடுத்தவருடைய இனம் விளம்பரமாயிற்று, பெயர் எங்கும் பதிவாகவில்லை. அனோரக்கும் கயாக்கும் அப்படித்தான். வடதுருவத்து மக்களின் சொல்லும் பொருளும் கடைக்கு வந்தன. மக்கள் வரவில்லை.

1952இல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி அலுமினியச் சட்டமும் நைலான் பையும் இடுப்புப்பட்டையும் சேர்த்துப் புது முதுகுப்பை செய்து விற்கத் தொடங்கினார். எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கியது அந்த வடிவம். நவீன முதுகுப்பையின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து பைகளைத் தைத்தவர் அவர் மனைவி நீனா. தாய் என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கிடையில் இன்னொரு மாற்றம் நடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காட்டுக்குப் போவதென்றால் கைத்தொழில் தெரிந்திருக்க வேண்டும். 1884இல் 'உட்கிராஃப்ட்' நூலை எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், 1906இல் எழுதிய ஹொரேஸ் கெப்ஹார்ட் போன்றவர்கள் கோடரி பிடிப்பது, கிளையை வெட்டிப் படுக்கை போடுவது, பட்டையால் கூரை வேய்வது, ஈர விறகில் நெருப்பு மூட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். சியர்ஸ் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் நெஸ்மக். சிறுவயதில் அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்த பூர்வகுடி மனிதரின் பெயர் அது. இந்த அறிவும் அபகரித்த அறிவுதான். ஆனாலும் அறிவு உடம்பில் இருந்தது, காட்டோடு பேசியது.

1960, 70களில் லட்சக்கணக்கானவர்கள் பையோடு கிளம்பினார்கள். எல்லாரும் கிளை வெட்டினால் காடு தாங்காது. எனவே 'சுவடு விடாதே' என்ற நெறி வந்தது. 1994இல் அதற்கென ஓர் அமைப்பே ஏற்பட்டது. ஏழு கோட்பாடுகள். மலங்கழிக்க ஆறு முதல் எட்டு அங்குலம் குழி தோண்டு, நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளித் தோண்டு, மரத்தைத் தொடாதே, ஸ்டவ்வில் சமை, கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோ. இதில் தப்பு ஒன்றும் இல்லை. போகிறவர்கள் செய்யத்தான் வேண்டும். பிளாஸ்டிக்கை மலையில் வீசிவிட்டு வருகிற நம்மூர் ஆட்களைப் பார்த்தால் ஏழு போதாது, எழுபது வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் நெறியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். காட்டில் சுவடு விடாமலிருக்க ஸ்டவ் வேண்டும், நைலான் கூடாரம் வேண்டும், இறகோ செயற்கை இழையோ அடைத்த ஸ்லீப்பிங் பேக் வேண்டும், மழை புகாத சட்டை வேண்டும். கை செய்த வேலையைக் கடை செய்கிறது. சுவடு அழியவில்லை, இடம் பெயர்ந்திருக்கிறது. அலுமினியம் தோண்டிய மலைக்கு, நைலான் வந்த எண்ணெய்க் கிணற்றுக்கு, தையல்கூடத்துப் பெண்ணின் விரல்களுக்கு. 1969இல் கண்டுபிடிக்கப்பட்டு 1976இல் சந்தைக்கு வந்த கோர்-டெக்ஸ் துணியின் சவ்வு ஃப்ளூரின் சேர்ந்த ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் பல பொருள்கள் மண்ணிலும் தண்ணீரிலும் இரத்தத்திலும் சிதையாமல் தங்குகின்றன. கலிஃபோர்னியா 2025 ஜனவரி 1 முதல் புதிய உடைகளில் அவற்றைச் சேர்க்கத் தடை விதித்தது. கடும் மழையில் வெளியே போகிறவர்களுக்கான உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். காட்டில் சுவடு விடாதவரின் சட்டைக்குத்தான், எல்லாருடைய இரத்தத்திலும் சுவடு விட இன்னும் மூன்று வருடம் அனுமதி.

5

பையின் எடை உறவைப் பொறுத்தது என்றேன். அதற்கு ஒரு பெண்ணின் கதை சாட்சி.

எம்மா கேட்வுட், ஒஹையோ மாநிலத்துப் பண்ணைப் பெண். பதினொரு பிள்ளைகள் பெற்றவர். புருஷனிடம் பல ஆண்டுகள் உதைபட்டு, கடைசியில் விவாகரத்து வாங்கியவர். அடி பொறுக்காதபோது காட்டுக்குள் ஓடி ஒளிந்த அனுபவம் அவருக்கு உண்டு. 1955இல், 67 வயதில், பிள்ளைகளிடம் சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, 2,000 மைலுக்கு மேல் நீளும் அப்பலேச்சியப் பாதையை ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்தார். தனியாக அதைச் செய்த முதல் பெண். காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ. தோளில் அவரே தைத்த ஒரு துணிப்பை. உள்ளே ஒரு கம்பளி, ஒரு மழைக்கோட்டு, குளியலறைத் திரையாகத் தொங்கவிடும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. கூடாரம் இல்லை, ஸ்லீப்பிங் பேக் இல்லை.

இன்று எடை குறைந்த சாமான்களை விற்கிறவர்கள் அவரைத் தங்கள் முன்னோடியாகக் காட்டுகிறார்கள். இது தவறான வாசிப்பு. அவருடைய பை லேசாக இருந்ததற்குக் காரணம், வழியில் வீடுகள் இருந்தன. கதவைத் தட்டினார். வாசலில் படுத்தார். சாப்பாடு கேட்டார். சிலர் கொடுத்தார்கள், சிலர் விரட்டினார்கள். முதுகில் சுமக்காததை அவர் மனிதர்களிடம் சுமத்தினார்.

அந்தப் பாதையை 1921இல் முதலில் கற்பனை செய்த பென்டன் மக்கை சோசலிசச் சாய்வுள்ள மனிதர். நடைபாதை அவர் திட்டத்தில் ஒரு பகுதி மட்டும். தங்கும் குடில்கள், கூட்டாக வாழும் முகாம்கள், உணவு விளைவிக்கும் பண்ணை முகாம்கள் எல்லாம் சேர்ந்ததுதான் முழுத் திட்டம். ஆலைத் தொழிலாளிகள் லாபத்தின் பிடியிலிருந்து விலகிக் கூட்டுழைப்பில் வாழ்வதற்கான ஓர் இடமாக மலைத்தொடரை அவர் பார்த்தார். பண்ணைகள் வரவே இல்லை. பாதையும் குடில்களும் வந்தன. பாதை கடந்துபோகிற ஷெனன்டோவா பகுதி 1935இல் தேசியப் பூங்காவானபோது அங்கே வாழ்ந்த ஏறத்தாழ ஐந்நூறு ஏழைக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இவர்கள் வெள்ளையர். வனாந்தரத்தை உண்டாக்கும் வேலையில் இனத்தோடு வர்க்கமும் சேர்ந்தே இயங்கியது.

கேட்வுட் கதையை உருகி உருகிப் படிக்கிறபோதும் ஒரு கேள்வியை விட முடியாது. 1955இல் அதே தென் மாநிலங்களில் ஒரு கறுப்பு மூதாட்டி அந்நியர் வீட்டு வாசலில் இரவில் போய் நின்றிருக்க முடியுமா? ஷெனன்டோவா பூங்காவிலேயே 1939இல் 'நீக்ரோக்களுக்கு' என்று பலகை வைத்துத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். கறுப்பினத்தவர் பயணம் போக வேறொரு கையேடு தேவைப்பட்டது. விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936இல் வெளியிடத் தொடங்கிய 'கிரீன் புக்'. எந்த ஊரில் எந்த விடுதி, எந்த வீடு, எந்தப் பெட்ரோல் பங்க் கறுப்பினத்தவரை உள்ளே விடும் என்கிற பட்டியல். 1960களின் நடுப்பகுதிவரை வந்துகொண்டிருந்தது. பத்து அத்தியாவசியங்களில் ஆள் இல்லை. கிரீன் புக்கில் ஆட்களும் கதவுகளும் மட்டுமே. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அமெரிக்க நிலத்தின் வரைபடம் முழுசாகக் கிடைக்கும்.

6

நம் பக்கம் திரும்பலாம். கொங்குநாட்டிலும் தெற்கத்திக் கிராமங்களிலும் "காட்டுக்குப் போறேன்" என்றால் வெள்ளாமை நிலத்துக்குப் போகிறேன் என்று அர்த்தம். காடு கழனி, காடு கரை என்கிறோம். தமிழில் காடு என்ற சொல்லுக்குள் மண்வெட்டியோடு ஒரு ஆள் நிற்கிறார். திணைக் கோட்பாட்டிலும் மலை என்றால் குறவரும் தினைப்புனமும் சேர்ந்துதான்.

உடனே 'ஆகா, நம்ம ஆளுக்கு அப்பவே தெரியும்' என்று கிளம்பிவிட வேண்டியதில்லை. நம் பாதைகளில் சுமைதாங்கிக் கல் இருந்தது. கர்ப்பத்தோடு இறந்த பெண்களின் நினைவாக நட்டது. தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு கல் வேண்டும் என்று நினைத்த சமூகம்தான், சத்திரத்துக்குள் யார் சாப்பிடலாம், தண்ணீர்ப் பந்தலில் யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதையும் முடிவு செய்தது. நமக்கும் ஒரு கிரீன் புக் தேவைப்பட்டிருக்கும், யாரும் அச்சடிக்கவில்லை. 'கன்னிக் காடு', 'மனிதர் தீண்டாத காடு' என்று நம் பயணக் கட்டுரையாளர்கள் கூசாமல் எழுதுகிறார்கள். கன்னிமையும் தீண்டாமையும் தூய்மையின் மொழி. அந்த மொழி எங்கிருந்து வருகிறது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தேசியப் பூங்கா மாதிரி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு இங்கே சட்ட வடிவம் பெற்றது. 2006இல் புலிகளுக்காக அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, புலிகளின் மையப் பகுதி மனிதக் குறுக்கீடு இல்லாத இடமாக வைக்கப்பட வேண்டும் என்று எழுதினார்கள். மக்களின் சம்மதத்தோடுதான் இடமாற்றம் என்றும் எழுதினார்கள். 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. 54 புலிக் காப்பகங்களின் மையப் பகுதிகளில் 591 கிராமங்கள், 64,801 குடும்பங்கள் இருக்கின்றன, இடமாற்றத்தை முன்னுரிமையோடு செய்யுங்கள் என்று. நாடெங்கும் ஆதிவாசி அமைப்புகள் எதிர்த்தன.

அதே 2006இல் வந்தது வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் வாழ்வதைப் பழங்குடிகள் நிறுவ வேண்டும். பழங்குடி அல்லாத வனவாசிகள் 75 ஆண்டு வாழ்ந்ததை நிறுவ வேண்டும். எதை வைத்து? வீடு, குடிசை, கிணறு, இடுகாடு, கோயில், பெரியவர்களின் வாக்குமூலம். அதாவது சுவடு. இங்கேதான் முரண் முழுசாகத் தெரிகிறது. நகரத்திலிருந்து வருகிறவரிடம் அரசும் சூழலியலும் சொல்வது: சுவடு விடாதே. உள்ளே வாழ்கிறவரிடம் சொல்வது: சுவடு காட்டு. தலைமுறை தலைமுறையாகச் சுவடு தெரியாமல் வாழ்ந்ததற்குத்தான் அவரைப் பாராட்டினார்கள். இப்போது அதையே குற்றப்பத்திரிகையாக நீட்டுகிறார்கள். குடிசை அழுகி மண்ணாகிவிட்டது, கிணறு கிடையாது ஓடைதான், இடுகாட்டில் கல் வைக்கும் வழக்கம் இல்லை. "அப்புறம் என்ன ஆதாரம் இருக்கு?" என்று கேட்கிறது அதிகாரம்.

2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பெண்கள் பலர். அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பை இருந்தது. கோடையில் காய்ந்த புல்லில் நெருப்பு எந்தப் பக்கம் ஏறும், எப்படி ஓடக் கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. அந்த அறிவு வேறு யாரிடமோ இருந்தது. மீட்க ஏறியவர்களில் அந்த ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு அரசு மலையேற்ற விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. பழங்குடி இளைஞர்களுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியது.

இதை நான் வரவேற்கிறேன். கூலி கிடைக்கிறது, பட்டியலில் கடைசியாக ஓர் ஆள் சேர்ந்திருக்கிறார். ஆனால் எந்த நிபந்தனையில்? வழி காட்டுகிறவருக்கு அந்த வழியின் மேல் என்ன உரிமை? சீருடை போட்டு முன்னால் நடக்கும்வரை அவர் வழிகாட்டி. மறுநாள் அதே பாதையில் தேனுக்கோ விறகுக்கோ போனால்? யோசெமிட்டியிலும் 1950களில் இப்படித்தான் ஆரம்பித்தது. வேலை இருக்கிறவர் இருக்கலாம் என்றார்கள். வேலை முடிந்ததும் வீடும் முடிந்தது.

7

அந்தக் கதை 1996இல் நின்றுவிடவில்லை. தெற்கு சியரா மீவோக் மக்கள் விடாமல் கேட்டார்கள். 2018இல் பூங்கா நிர்வாகத்தோடு ஒப்பந்தம் ஆகி, அழிக்கப்பட்ட குடியிருப்பு இருந்த இடத்திலேயே தங்கள் வட்டக் கூடத்தைக் கட்டிச் சடங்குகள் நடத்தும் உரிமையைப் பெற்றார்கள். நிலம் திரும்பிவிடவில்லை. சுவடு திரும்பியிருக்கிறது.

நடக்கிற தோழர்களிடம் மலைக்குப் போகாதே என்று சொல்ல நான் யாரும் இல்லை. போங்கள், குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், பத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை விசாரித்து வையுங்கள். நீங்கள் போகிற மலையில் எந்தெந்தக் குடியிருப்புகள் இருக்கின்றன? அவர்களுடைய கிராம சபை வன உரிமைக்கு மனுப் போட்டதா? அது எந்த அலுவலகத்தில், எத்தனை வருடமாகக் கிடக்கிறது? இதை அந்த ஊரில் கேட்டால் சொல்வார்கள். அதிகாரி கேட்கிற ஆதாரத்தில் ஒரு வரியை எழுதிக்கொடுக்க, ஒரு வரைபடத்தைச் சரிபார்க்க, மலைக்கு நடந்துபோய்ப் பழகிய கால்களும் படம் எடுத்துப் பழகிய கைகளும் உதவும். திசைகாட்டி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.